கொதிகலன் அறையில் பாய் விரிப்பவருக்காக: இராமேசுவரம் விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விடுதி உரிமையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் இராமேசுவரம் தீவிலுள்ள ஒரு விடுதியின் கொதிகலன் அறையிலிருந்து ஒரு தம்பியை நினைவற்ற நிலையில் தூக்கி வந்த செய்தி உங்கள் அனைவருக்கும் தெரியும். அவர் பிழைத்துக்கொண்டதால் பேச்சு அத்துடன் அடங்கிவிட்டது. அடங்கக் கூடாது என்பதற்காகவே, எரிவாயுக் கொதிகலன்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கும் நான் இதை எழுதுகிறேன்.

ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு விடியுமுன் கிளம்பும் யாத்திரிகர்களுக்கு மூன்று மணிக்கெல்லாம் வெந்நீர் வேண்டும். அதற்காகப் பர்னரைப் பற்றவைப்பவர், படுக்கத் தனியிடம் இல்லாமல் கொதிகலன் பக்கத்திலேயே பாய் விரிக்கிறார். அந்த விடுதியில் மாடிப்படிக்குக் கீழிருந்த சாமான் அறையே கொதிகலன் அறையாகியிருந்தது. சாரல் அடிக்கிறதென்று தரையோரத்துக் காற்றுத் திறப்பைப் பலகையால் அடைத்திருந்தார்கள். முகப்பின் அழகு கெடுமென்று புகைபோக்கியைக் கைப்பிடிச் சுவருக்குக் கீழேயே வெட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒரு பங்கு எரிவாயு முழுமையாக எரிய 24 முதல் 30 பங்கு வரை காற்று வேண்டும். அது கிடைக்காத அறைக்குள் கச்சான் காற்று புகையைத் திருப்பித் தள்ளியபோது, தூங்கிக்கொண்டிருந்தவரைச் சுற்றிக் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேர்ந்தது. சிலிண்டர் கசிந்தால் நாற்றமாவது காட்டிக்கொடுக்கும். இந்த வாயுவுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலிக்கிறது என்று அவர் பல நாளாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான்: முறைப்படி சோதித்து, அளவுகளை எழுதிய தாளில் பொருத்தியவரும் நீங்களும் கையெழுத்திடாமல் எந்தக் கொதிகலனையும் இயக்கத்துக்குக் கொண்டுவராதீர்கள். எரிவாயுவைத் திறக்குமுன் குழாயில் காற்றையோ நைட்ரஜனையோ அழுத்தி அடைத்து, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவ வேண்டும். கதவு சன்னல்களை வழக்கம்போல மூடிய நிலையில் பர்னரை எரியவிட்டு, புகைபோக்கியில் கருவியை நுழைத்துக் கார்பன் மோனாக்சைடை அளக்க வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போதே எரிவாயுவை அடைத்துச் சுடரை அணைத்தால், பாதுகாப்பு வால்வு தானே மூடிக்கொள்ள வேண்டும். அந்த விடுதியில், சுடர் அணைந்ததை உணர்ந்து வால்வை மூடவைக்கும் சென்சார் அடிக்கடி நின்றுபோகிறதென்று, அதை ஒயரால் பைபாஸ் செய்து ஓரங்கட்டியிருந்ததைக் கண்ணால் கண்டேன்.

‘நம்முடையது சட்டப்படி பாய்லரே இல்லை’ என்று உங்களில் சிலர் சொல்வது உண்மைதான். 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அதன் இடத்தில் வந்த 2025ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டத்திலும், தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழே சூடாக்கும் கலன்கள் சேரவில்லை. அதனால் ஆய்வாளர் வரமாட்டார். அவர் வரமாட்டார் என்பதற்காகப் புகையுமா வராமலிருக்கும்? அதே சட்டவறிவு, 100 கிலோவுக்கு மேல் எரிவாயு சேமிக்க உரிமம் வேண்டும் என்ற விதியில் மட்டும் ஏனோ மங்கிவிடுகிறது. 19 கிலோ சிலிண்டர் ஐந்து வைத்தால் 95 கிலோ. ஆறாவதையும் ஏழாவதையும் துணி காயும் கொடிக்குப் பின்னால் உருட்டி வைப்பது யாருக்குத் தெரியாது? கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும் என்பதையும் அந்தக் கொடிக்குப் பின்னாலேயே மறைத்துவிடுகிறோம்.

பர்னருக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, உறவினர்களுக்கு விருந்தும் வைத்துத்தான் கொதிகலனைத் தொடங்குகிறீர்கள். அந்த விருந்துச் செலவில் சிறு பங்குகூடச் சோதனைக்கு ஆகாது. பூசணிக்காயை நான் குறை சொல்லவில்லை; கையெழுத்திட்ட தாள் ஒன்றும் கூடவே இருக்கட்டும் என்கிறேன். உப்புக்காற்றில் ரெகுலேட்டரும் புகைபோக்கித் தகடும் துருப்பிடிக்கும் ஊரில், உப்புநீரால் கலனுக்குள் காறை படியும் ஊரில், அந்தத் தாளை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள்க. ஆடி அமாவாசைக் கூட்டமும் ஆடிக் காற்றும் ஒன்றாக வரவிருக்கின்றன. அதற்குள் தங்கள் கொதிகலன் அறையின் அடைப்புகளை அகற்றி, புகைபோக்கியைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே உயர்த்தி, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்தி, சோதனைத் தாளை அறைக் கதவில் ஒட்டி வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பணியாளர் படுக்க வேறோர் இடமும் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
கொதிகலன் பழுதுபார்ப்பவன்,
மண்டபம்