சிக்னலுக்கு ஓர் ஆளைப் போடுங்கள்: கும்டாவுக்கு ஒரு திறந்த மடல்

கும்டா என்னும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழும உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சிக்னலுக்கு நேரம் கணக்கிடுவதும், சாலையில் ஓடும் வண்டிகளின் தரவைப் பயணிகளுக்கான தகவலாக மாற்றுவதும்தான் என் தொழில். "இதற்கு அரசில் என்ன வேலை சார் இருக்கு?" என்று மாணவர்கள் கேட்டால் பதில் சொல்லத் திணறுகிறேன். சென்னையில் சாலை மாநகராட்சியிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ இருக்கிறது. சிக்னல் போக்குவரத்துக் காவல்துறையிடம், பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகமான எம்.டி.சி.யிடம். இவர்களையெல்லாம் ஒரே மேசைக்குக் கொண்டுவரத்தான் 2010-இல் உங்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

டெண்டர் விட்டால் கேமரா வரும், கண்ட்ரோல் ரூம் வரும், சுவர் முழுக்கத் திரை வரும். சரி, அப்புறம்? ஒரு சந்திப்புக்குப் பக்கத்தில் புதிதாக மால் திறந்து, வலப்புறம் திரும்பும் வண்டிகள் இரண்டு மடங்கானால், பச்சை நேரத்தைத் திரும்பக் கணக்கிடப் போவது யார்? கடைசியில் காவலர்தான் சிக்னலைக் கையால் இயக்குகிறார். நாள் முழுக்க வெயிலில் நிற்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவருக்குத் தெரிவது அந்த ஒரு சந்திப்பு. அவர் நீளமாக விட்ட பச்சையில் கிளம்பிய வண்டிகள் மொத்தமாக அடுத்த சிக்னலில் போய் அடைத்துக்கொள்வது அவர் கண்ணில் படாது.

சிவப்பு, பச்சை எல்லாம் ஒரு முறை வந்து முடிவதற்கான சிக்னல் சுற்று நேரத்துக்கு உலகம் முழுக்கப் பாடமாக இருப்பது பிரிட்டனில் வெப்ஸ்டர் 1958-இல் வெளியிட்ட சூத்திரம். வரிசையாக, தடம் மாறாமல் போகும் வண்டிகளுக்கு அது அழகாகப் பொருந்தும். நம் ஊரில் சிவப்பு விழுந்ததும் பைக்குகள் இண்டு இடுக்கில் நுழைந்து கோட்டுக்கு முன்னால் போய் நிற்கின்றன. கணக்குக்காக எல்லா வண்டிகளையும் காராக மாற்றி எண்ணுவோம்; கார் ஒன்று என்றால் பைக் எவ்வளவு? சாலைப் பொறியியல் விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் 1990 வழிகாட்டி, போக்குவரத்தில் பைக்கின் பங்கைப் பொறுத்து 0.5 முதல் 0.75 வரை என்கிறது. ஆட்டோவுக்கு 1.2 முதல் 2 வரை. இதில் எந்த எண்ணைப் போடுவது என்று முடிவெடுக்க அந்தச் சந்திப்பில் நின்று எண்ணிப் பார்த்த ஆள் வேண்டும்.

'ஏ.ஐ. சிக்னல் வந்தால் எல்லாம் தானாக நடக்கும்' என்பார்கள். குறைந்தபட்சப் பச்சை, அதிகபட்சப் பச்சை, நடப்பவருக்கான நேரம் ஆகியவற்றின் வரம்பை ஒரு மனிதர்தான் வைத்தாக வேண்டும். நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 14 மீட்டர் சாலைக்கு 12 நொடி. அரசு மருத்துவமனை வாசலில் கடக்கிற முதியவருக்கு அது எப்படிப் போதும்?

வண்டி வரத்துக்கு ஏற்பத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும், பல நாடுகளில் ஓடும் 'ஸ்காட்ஸ்' சிக்னல் முறை 1970-களில் சிட்னியில் பிறந்தது. அதை உருவாக்கியவர்கள் அங்கத்திய அரசுச் சாலைத் துறையின் சொந்தப் பொறியாளர்கள். நம்மிடமும் திறமைக்குக் குறைவில்லை. பெங்களூரில் இயங்கும் அதே மாதிரியான 'கோசிகாஸ்ட்' முறை, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் திருவனந்தபுரம் மையத்தின் படைப்பு. இங்கே ஐ.ஐ.டி.யிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் போக்குவரத்துப் பொறியியல் படித்தவர்களுக்கு ஆலோசனை நிறுவனம் ஒரு வழி, வெளிநாடு இன்னொரு வழி. தேர்வெழுதி அரசுக்குள் வந்தால் பாலம், வடிகால் என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

நான் கேட்பது இதுதான். கும்டாவுக்குள் சிக்னலுக்கும் பயணத் தகவலுக்கும் ஒரு பிரிவை அமையுங்கள். ஒப்பந்த ஆட்களாக இல்லாமல் நிரந்தரப் பணியிடங்களாக, பதவி உயர்வும் அதே துறைக்குள் கிடைக்கும்படி. சிக்னலை இயக்கும் அதிகாரம் காவல்துறையிடமே இருக்கட்டும், நேரத் திட்டம் இந்தப் பிரிவின் கையெழுத்தோடு போகட்டும். ஒவ்வொரு சந்திப்பின் வண்டி எண்ணிக்கையையும் நேரத் திட்டத்தையும் இணையத்தில் போடுங்கள். மாணவர்களே சரிபார்த்துத் தவறு சொல்வார்கள். முதலில் மெட்ரோ பணிக்காகத் திருப்பிவிடப்பட்ட ஏதாவது ஒரு சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பழைய கணக்கு எதுவும் இப்போது செல்லாது.

இப்படிக்கு,
ஒரு போக்குவரத்துப் பொறியாளர்