கோழி அள்ளும் கைக்கு முதலில் உறை கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கேரளத்தில் பறவைக் காய்ச்சலால் வாத்துகள் செத்தால் நம் எல்லைச் சாவடிகளில் லாரிச் சக்கரங்களுக்கு மருந்து அடிக்கிறோம். முட்டை சாப்பிடலாமா என்று பட்டிமன்றம் நடக்கிறது. உள்வரை 70 டிகிரிக்கு மேல் வெந்த முட்டையிலும் கறியிலும் பயமில்லை. நோய் மனிதருக்கு வரும் வாசல் கொட்டகையும் உயிர்க்கோழி விற்கும் இடமும்தான். 1997-ல் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். உயிர்க்கோழிச் சந்தைகளே அதற்குக் காரணம்.

கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாகத் தொடங்கிய பின், போபாலில் உள்ள மத்திய அரசின் விலங்குநோய் ஆய்வகம் நோயை உறுதிசெய்யச் சில நாட்களாகும். அழிப்புக்கு வரும் அரசுக் குழுவுக்குக் கவச உடை உண்டு. அதற்கு முன்பே செத்ததை அள்ளிப் போட்ட தொழிலாளிக்கு என்ன இருந்தது? இந்த இடைவெளியை யாரும் பேசுவதில்லை.

என்95 முகக்கவசம், பக்கம் மூடிய கண்ணாடி, ரப்பர் கையுறை, கம்பூட் ஆகியவை பண்ணையிலேயே தயாராக இருக்க வேண்டும். கண்ணாடியை விட்டுவிடக் கூடாது: 2024-ல் மாடுகள் வழியாக இந்த நோய் தொற்றிய அமெரிக்கப் பால்பண்ணைத் தொழிலாளர்கள் பலருக்கு முதலில் சிவந்தது கண்தான். செத்த கோழியைச் சோப்புத் தண்ணீரால் நனைத்த பிறகே எடுக்க வேண்டும். உலர்ந்த இறகும் எச்சத்தூளும் பறந்தால் மூச்சில் போகும். பூட்ஸில் எச்சம் ஒட்டியிருந்தால் பிளீச்சிங் கரைசலின் வீரியம் அதிலேயே தீர்ந்துவிடும். ஆகவே முதலில் பிரஷ் போட்டுச் சோப்பால் தேய்த்துவிட்டுத்தான் முக்க வேண்டும்; கரைசலைத் தினமும் மாற்ற வேண்டும். தவறு நடப்பது பெரும்பாலும் கழற்றும்போது. முதலில் கையுறை, உடனே சோப்புக் கைகழுவல், பிறகு கண்ணாடி, கடைசியில்தான் முகக்கவசம். அதற்குள் நெற்றி வியர்வையைத் துடைத்தால் போட்டதெல்லாம் வீண்.

கோழியைத் தொட்டவருக்கு 10 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால், தான் செய்த வேலையை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவரும் கேட்க வேண்டும். சாதாரண விரைவுப் பரிசோதனை பறவைக் காய்ச்சலைப் பிரித்துச் சொல்லாது, ஆர்டி-பிசிஆர் தேவை. முடிவு வரும்வரை காத்திராமல் ஓசல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்க வேண்டும்: பெரியவர்களுக்கு 75 மி.கி., தினம் 2 வேளை, 5 நாள். முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம்.

பண்ணையாட்களுக்கு ஆண்டுதோறும் பருவக் காய்ச்சல் (ஃப்ளூ) தடுப்பூசியும் போட வேண்டும். அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் இரண்டு வைரஸும் ஒரே உடம்பில் சேர்ந்து மரபணு மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் குறைக்கும். 1957, 1968 ஃப்ளூ பெருந்தொற்றுகள் அப்படிப்பட்ட கலப்பில் பிறந்தவையே.

நாமக்கல் போன்ற பண்ணை மாவட்டங்களின் தாலுகா மருத்துவமனைகளில் இந்த மாத்திரை காலாவதியாகாமல் இருக்கிறதா என்று சுகாதாரத் துறை இப்போதே எண்ணிப் பார்க்கட்டும். கொட்டகைகளில் ஒட்டும் அறிவிப்பு இந்தியிலும் இருக்கட்டும். அங்கே வேலை செய்வோரில் பலர் வட மாநிலத்தவர்கள்.

— ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்