குமரனுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள குமரா,

கேழ்வரகு அறுப்பு முடிந்தது. சேத்துப்பட்டுச் சித்தப்பா வந்து போனார். பத்திர விஷயம் தீர்ந்தது. அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான்.

குடும்பக் குழுவில் நீ போட்ட குரல் பதிவைக் கேட்டேன். திருப்பூரில் பிள்ளை பிடிக்கிற வடக்கத்திக்காரர்கள் இறங்கிவிட்டார்கள், சந்தேகமாக யார் வந்தாலும் விடாதீர்கள் என்கிறாய். கவினை வெளியில் விடாமல் பார்த்துக்கொள், தவறில்லை. 'விடாதீர்கள்' என்று என் பிள்ளை சொல்லலாமா?

2018 மே மாதம் நம் போளூர் பக்கத்து அத்திமூரில் நடந்தது உனக்குத் தெரியாததா? குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த குடும்பம். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் அந்த அம்மா. 65 வயது. அடித்தே கொன்றார்கள். அந்த வருடம் நாடு முழுக்க ஓடிய வீடியோவில் பைக்கில் வந்து ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்களே, அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள்.

அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் நான், அந்தப் பயம் எனக்கும் தெரியும். பிள்ளைக்குத் தீங்கு செய்கிறவன் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரிந்தவன்தான். சந்தேகம் வந்தால் 100க்குப் பேசு. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. கை மட்டும் வைக்காதே.

தீபத்தன்று திருவண்ணாமலையில், தொலைந்துபோன பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போலீஸ் உதவி மையம் வரை நடந்தவன் நீ. ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அழுகிற பிள்ளையோடு போன உன்னைப் பார்த்து அன்று ஒருவன் கத்தியிருந்தால் உன் கதி என்ன? அதை நினைத்துப் பார்த்தாயா?

புதன்கிழமை இரவு உங்கள் தெருவில் கம்பளி விற்க வந்த பையனைக் கம்பத்தில் கட்டிவைத்தார்கள் என்று சரோஜா மகன் சொன்னான். உனக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். கம்பெனியில்தான் இருந்திருப்பாய். மருமகளிடம் கேட்டால் கவினின் சளியைப் பற்றிப் பேசுகிறாள். நீயோ போனை எடுப்பதில்லை.

போலீஸுக்குச் சொல்லு குமரா, யாரையும் தொடாதே. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்தப் பையன் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று விசாரித்து எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அம்மா