ஸ்கேன் அறிக்கையில் விடுபடும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்கேன் எடுக்கும்போது படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் 'கான்ட்ராஸ்ட்' எல்லாம் ஒரே மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். சி.டி.க்கு அயோடின் கலந்தது, எம்.ஆர்.ஐ.க்குப் பெரும்பாலும் கேடோலினியம் என்ற உலோகம் கலந்தது. இரண்டின் ஆபத்தும் வேறு.

கேடோலினியம் தனித்திருந்தால் நச்சு. அதனால் வேறொரு மூலக்கூறுக்குள் பூட்டித்தான் ஊசியாக்குகிறார்கள். நீள்சங்கிலி வகையில் அந்தப் பூட்டு தளர்வு, வளைய வகையில் இறுக்கம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பகுதி ஒரே நாளில் வெளியேறும். பழுதடைந்திருந்தால் மருந்து உடலில் நீண்ட நேரம் தங்கி, உலோகம் கழன்றுவிடும். தோல் தடித்து இறுகி மூட்டு மடங்காமல் போகும் என்.எஸ்.எஃப். நோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2006-ல் தெரிந்தது. 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் கேடோடயமைட் உள்ளிட்ட சில நீள்சங்கிலி மருந்துகளை நிறுத்திவைத்தது. ஆகவே ஊசிக்கு முன்பே, சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். அளவைக் கேளுங்கள். 30-க்குக் கீழே என்றால் எந்த வகை மருந்து, அவசியம்தானா என்று மருத்துவர் விளக்கியாக வேண்டும்.

அயோடின் மருந்தில் அவசர ஆபத்து ஒவ்வாமைதான். மூச்சு இரைத்தால், தொண்டை அடைத்தால் உடனே தொடைத் தசையில் அட்ரினலின் போட வேண்டும். ஒவ்வாமை வந்ததாலேயே அது கவனக்குறைவு ஆகிவிடாது. முன்பு வந்ததைச் சொல்லியும் பொருட்படுத்தாதது, அட்ரினலினைத் தாமதித்தது போன்றவைதான் மருத்துவமனை மீதான வழக்குக்கு அடிப்படை.

தயாரிப்பாளர் மீது வழக்கென்றால் மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) இல்லாமல் ஓர் அடிகூட நகராது. பல அறிக்கைகளில் 'கான்ட்ராஸ்ட் கொடுக்கப்பட்டது' என்பதோடு சரி. எத்தனை மி.லி. என்பது மட்டும் இருந்தாலும் போதாது. கேடோலினியம் மருந்தின் வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல் (மோல் என்பது பொருளின் அளவைக் குறிக்கும் அலகு; மில்லிமோல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 60 கிலோ எடையுள்ளவருக்கு, லிட்டருக்கு 0.5 மோல் செறிவுள்ள மருந்தில் 12 மி.லி. சரியான அளவு. 1 மோல் செறிவுள்ளதில் அதே 12 மி.லி. இரட்டை அளவு!

சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கும் மூளையிலும் எலும்பிலும் சிறிது கேடோலினியம் தங்குகிறது. அதனால் நோய் வருகிறது என்பது நிரூபணமாகவில்லை. ஊசிக்குப் பிறகு சிறுநீரில் கேடோலினியம் இருப்பது இயல்பு, அந்த ஒரு பரிசோதனையை வைத்துப் பாதிப்பை நிறுவ முடியாது. வலி என்று வருபவர்களை அலட்சியப்படுத்துவதும் தவறு, நிச்சயம் இழப்பீடு உண்டென்று ஆசை காட்டுவதும் தவறு. என்.எஸ்.எஃப். சந்தேகம் என்றால் தோல் பயாப்ஸி, அதாவது தோலில் சிறு துண்டை எடுத்துச் செய்யும் பரிசோதனை, தேவை.

பாதிப்பு தெரிந்ததும் மருத்துவக் குறிப்புகள், ஒப்புதல் படிவம், ஸ்கேனுக்கு முந்தைய கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனை) முடிவு ஆகியவற்றின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். வழக்குத் தொடரக் காலவரம்பு உண்டு. அது ஊசி போட்ட நாளிலிருந்தா, பாதிப்பை அறிந்த நாளிலிருந்தா என்பது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் வழக்கறிஞரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

மருந்தின் பெயர், செறிவு, மி.லி., தொகுதி எண் ஆகிய நான்கையும் ஒவ்வொரு ஸ்கேன் அறிக்கையிலும் அச்சிடுவதைச் சுகாதாரத் துறைகள் கட்டாயமாக்க வேண்டும். ஏற்றிய மி.லி. தவிர மற்றவை குப்பிமேல் ஏற்கெனவே உள்ள விவரங்கள்தான்.

இப்படிக்கு,
கதிரியக்க மருத்துவர் ஒருவர்