'போப்பா' என்றால் என்னவென்று சொன்னவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இந்திய தேசிய இராணுவத்தில் சிப்பாயாக இருந்த எங்கள் தந்தையாரின் குறிப்பேட்டைப் படித்தறிய உதவிய அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

முதல் நன்றி, தமிழே அறியாத ஒருவருக்கு. சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் இருந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்தபோது, அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்துகூடப் பாராமல், பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரரிடம் போட்டுவிட்டேன். தவறு முழுவதும் என்னுடையது. மறுநாள் அந்தச் சீனப் பெரியவர், கையெழுத்திருந்த ஏட்டை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். பணம் வாங்க மறுத்தவர், அம்மா கொடுத்த முறுக்கை வாங்கிக்கொண்டார்.

மலாயாவின் ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அப்பா, நேதாஜி சிங்கப்பூர் வந்த 1943இல் படையில் சேர்ந்தார் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. கேட்டால், "சாப்பிட்டாயா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

ஏட்டின் முதற்பக்கத்தில் தமிழெழுத்தில் இருந்த இத்தேஹாத், இத்மாத், குர்பானி ஆகியவற்றை யாரோ மூவரின் பெயர்கள் என்றே நினைத்திருந்தோம். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள் சொன்ன எதிர்வீட்டு ஐயா, அச்சொற்களைத் தாங்கி நின்ற அப்படையின் நினைவுச் சின்னம் 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும் தகர்க்கப்பட்டதையும் விளக்கி, 1995இல் நினைவுப் பலகை வைக்கப்பட்ட எஸ்பிளனேட் பூங்காவிற்கு, முட்டிவலியோடு, எங்களை அழைத்துச் சென்றார்.

கடைசிப் பக்கத்தில் ஒரே சொல்: 'போப்பா'. யாரோ அப்பாவை அப்படி விரட்டியிருக்கிறார்கள் என்று தம்பி சிரிப்பான். தேசிய நூலகத்தின் நூலகர் ஒருவர் பர்மா நிலப்படத்தை விரித்து, ஐராவதிக்குக் கிழக்கே உள்ள போப்பா மலையில் விரல் வைத்து, 1945இன் தொடக்க மாதங்களில் அப்படையின் இரண்டாம் டிவிஷன் அங்கே போரிட்டதைப் பொறுமையாகச் சொன்னார். தம்பி அன்று வீடு திரும்பும்வரை பேசவில்லை.

அந்த நூலக அம்மையாருக்கு எங்கள் நன்றி தனியானது. மலேசியாவின் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அப்பா 272 படிகளுக்கும் கீழேயே நின்று கும்பிட்டுவிடுவார். அதற்கும் போப்பா மலைக்கும் தொடர்பிருக்குமோ என்று அம்மாவிடம் கேட்டேன். "குரங்குக்குப் பயம்," என்றார் அம்மா.

ஏட்டைக் காண விரும்புவோர் வீட்டிற்கு வரலாம். முறுக்கு இருக்கும்.

நன்றியுடன்,
மூத்த மகள்