விண்டோஸ் 11-இல் ஏறாத ஸ்கேனர் டிரைவரும் "குறை ஏதுமில்லை" என்ற மூன்று சீட்டுகளும்

பெறுநர்:
தலைமை அலுவலர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: விண்டோஸ் 11-க்கு ஏற்றது என்று உங்கள் தளம் சொல்லும் ஆவண ஸ்கேனரின் டிரைவர் (ஸ்கேனரை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) அதில் இயங்காதது, திருத்திய டிரைவர் அல்லது மாற்று ஸ்கேனர் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயமாக இது ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் வந்தது ஒரே தானியங்கிப் பதில். புகார் எண் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது. பழைய எண்ணைச் சொன்னால் "அது குளோஸ் ஆயிடுச்சு" என்கிறார்கள். யார் மூடினார்கள், எதைச் சரிசெய்துவிட்டு மூடினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. டிரைவர் எழுதத் தெரிந்த ஒருவர் கையில் இந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவர் படித்தால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

எந்த ஸ்கேனர் என்று விவரிக்கப் போவதில்லை, வரிசை எண் உங்கள் கோப்பில் இருக்கிறது. முகப்பில் பச்சைப் பொத்தான் வைத்த மாடல். விண்டோஸ் 10-இல் ஆண்டுக்கணக்கில் ஓடியது. அந்தக் கணினி பழைய லெகசி பூட் முறையில் இருந்தது, அதாவது கையொப்பம் சரியில்லாத மென்பொருளைக் கணினி தொடங்கும்போதே தடுக்கும் செக்யூர் பூட் கிடையாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் புதிய யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்றி, சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0-வையும் செக்யூர் பூட்டையும் இயக்கி, விண்டோஸ் 11 புதிதாக நிறுவப்பட்டது. மாறுவதற்கு முன் உங்கள் தளத்தின் ஆதரவுப் பட்டியலைப் பார்த்தோம். இந்த மாடலுக்கு நேராக விண்டோஸ் 11 என்ற கட்டத்தில் டிக் இருந்தது. அந்த டிக்கை நம்பித்தான் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பித்தோம்.

உங்கள் "விண்டோஸ் 11" டிரைவரை நிறுவி ரீஸ்டார்ட் செய்ததும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். கோட் 52: டிரைவர் யாருடையது, யாரும் மாற்றாதது என்பதற்குச் சான்றான டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. சரி, இறக்கியதில் ஏதோ பிசகு என்று மறுபடி இறக்கினோம். அதே கோட் 52. பிறகு உங்கள் தளத்தில் விண்டோஸ் 8.1-க்கு என்று இருக்கும் கோப்பையும் இறக்கி, இரண்டுக்கும் செர்ட்யூட்டில் கட்டளையில் ஷா-256 (கோப்பின் கைரேகை போன்றது) எடுத்துப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றே! கோப்பின் பெயரை மட்டும் மாற்றி விண்டோஸ் 11 என்று வைத்திருக்கிறீர்கள். உள்ளே நிறுவல் விவரங்கள் உள்ள ஐஎன்எஃப் கோப்பில், தேதி சொல்லும் டிரைவர்வெர் வரி 2016 என்கிறது. கையொப்பச் சான்றிதழும் 2016-இல் வழங்கப்பட்டதுதான்.

இதில் உள்ள சிக்கல் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலில் ஏறும் புதிய டிரைவருக்கு மைக்ரோசாஃப்டின் வன்பொருள் தளம் வழியாக வாங்கிய கையொப்பம் வேண்டும். 2015 ஜூலை 29-க்கு முன் வழங்கிய சான்றிதழில் கையொப்பமிட்டவை, பழைய விண்டோஸிலிருந்து மேம்படுத்திய கணினி, செக்யூர் பூட் அணைத்த கணினி ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. எங்கள் பழைய கணினி மூன்றாவது விலக்கில் ஓடிக்கொண்டிருந்தது. செக்யூர் பூட் வந்ததும் விலக்கு போயிற்று, டிரைவர் நின்றது.

இப்போது உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வருகிறேன். ஸ்கேனரை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். "கோளாறு ஸ்கேனரில் இல்லை, டிரைவரில்" என்று தொலைபேசியிலேயே சொன்னோம். எடுத்து வந்தால்தான் புகார் ஏறும் என்றார்கள். எடுத்துப் போனோம். அங்கிருந்த விண்டோஸ் 10 கணினியில் செருகி, ஒரு தாளை ஓட்டி, "குறை ஏதுமில்லை" என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். விண்டோஸ் 11-இல் இயங்கவில்லை என்று புகார், சோதனை நடப்பது விண்டோஸ் 10-இல்! இரண்டாம் முறையும் அதே மேசை, அதே கணினி, அதே முத்திரை. மூன்றாம் முறை அந்தக் கணினியில், அதன் விவரங்களைக் காட்டும் எம்எஸ்இன்ஃபோ32 திறந்து காட்டச் சொன்னேன். பயாஸ் முறை: லெகசி. செக்யூர் பூட்: ஆதரவில்லை. மேலே மூன்றாவது விலக்கு என்று சொன்னேனே, அதே. காட்டியும் முத்திரை குத்தினார்கள். கேட்டதற்கு, "எங்க சிஸ்டத்துல ஓடுது சார்" என்பதுதான் பதில்.

மூன்று முறை. தூக்கிக்கொண்டு.

உங்கள் இரண்டாம் நிலை உதவியாளரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செக்யூர் பூட்டை ஆஃப் செய்யச் சொன்னவர் அவர்தான். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிபிஎம்மோடு பிணைத்த பிட்லாக்கர் இருக்கும்போது செக்யூர் பூட்டை அணைத்தால், அடுத்த பூட்டில் நீலத்திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். முதலில் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிட்டுத்தான் பயாஸில் கை வைக்க வேண்டும். உங்கள் உதவிக் குறிப்பின் முதல் வரியாக இருக்க வேண்டியது இது. சாவி எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம். இல்லையென்றால் செக்யூர் பூட்டை மறுபடி இயக்கும்வரை கணினி திறந்தே இருக்காது. இதைச் சொல்ல அழைத்தபோது அவர் கேட்டது: "சார், மொதல்ல டிரைவர்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? கார் ஓட்டுறவர் இல்ல." பின்னால் இரண்டு பேர் சிரித்தது காதில் விழுந்தது. அழைப்புகள் பதிவாகின்றன என்று ஆரம்பத்தில் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள்.

டிரைவர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்பதற்காக, அவர் தந்த மற்ற யோசனைகளையும் எழுதுகிறேன். "கம்பேட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் 7 போட்டு இன்ஸ்டால் பண்ணுங்க" என்றார். அந்த மோடு செட்டப் கோப்பைத்தான் ஏமாற்றும். கெர்னல் டிரைவரை ஏற்றும்போது அதற்கு வேலையே இல்லை. அடுத்து, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் செய்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் போய் 7-ஐ அமுக்கிக் கையொப்பச் சோதனையை நிறுத்தச் சொன்னார். அது ஒரு பூட்டுக்கு மட்டும்தான். தினமும் காலையில் இதைச் செய்துவிட்டு ஸ்கேன் செய்ய வேண்டுமா? கடைசியில், "விண்டோஸ் 10-க்கே திரும்பிப் போங்க."

விரைவில் வந்த இரண்டாவது டிரைவருக்கு நன்றி. மின்னஞ்சலில் அனுப்பினீர்கள், கையொப்பமும் முறையாக இருந்தது, கோட் 52 போய்விட்டது. அந்த இடத்தில் கோட் 39, அதாவது டிரைவரை ஏற்ற முடியவில்லை என்ற பிழை, வந்து உட்கார்ந்தது. காரணம் மெமரி இன்டெக்ரிட்டி, கெர்னலில் பாதுகாப்பற்ற நிரல் ஏறாமல் தடுக்கும் விண்டோஸ் வசதி. தகுதியான கணினியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினால் அது தானாகவே இயக்கத்தில் இருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதில் கோர் ஐசொலேஷன் பக்கத்தில் பொருந்தாத டிரைவர்களின் பட்டியலில் உங்கள் டிரைவரான சிஸ் கோப்பின் பெயரே இருக்கிறது. அந்தக் கோப்பை, உள்ளமைப்பைக் காட்டும் டம்ப்பின் கட்டளையில் திறந்து ஹெட்டர்களைப் பார்த்தால், இனிட் என்ற பகுதிக்கு எழுதவும் இயக்கவும் இரண்டு அனுமதியும் ஒருசேர இருக்கிறது. மெமரி இன்டெக்ரிட்டி இதை ஒருபோதும் விடாது. பழைய டிரைவர் கிட் (டிரைவரைக் கட்டும் கருவித் தொகுப்பு) இப்படித்தான் கட்டும். புதிய கிட்டில் மறுபடி கட்டினால் அது போய்விடும். பகுதிகளின் சீரமைப்பு 4 கேபி இருக்க வேண்டும். நான்பேஜ்டு பூல் என்ற கெர்னல் நினைவகத்தை, அதிலிருந்து நிரலை இயக்க முடியாத வகையாக மாற்ற வேண்டும், அதற்கும் பூல்-என்எக்ஸ்-ஆப்டின் என்ற ஒரே வரையறையும் ஒரு தொடக்க அழைப்பும் போதும். பிறகு டிரைவர்களைச் சோதிக்கும் விண்டோஸ் கருவியான டிரைவர் வெரிஃபையரில் கோட் இன்டெக்ரிட்டி சோதனையைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

இதற்கும் அதே உதவியாளர் சொன்ன வழி, மெமரி இன்டெக்ரிட்டியை அணைப்பது. ஒரு ஸ்கேனருக்காக வீட்டின் எல்லாக் கதவையும் திறந்து போடச் சொல்கிறார்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது. அந்த சிஸ் கோப்பு ஸ்கேன் செய்வதற்கே தேவையில்லை. படத்தை வாங்கித் தருவது விண்டோஸோடு வரும் யுஎஸ்பிஸ்கேன் டிரைவர். உங்களுடையது அதன் தலைமேல் உட்காரும் ஃபில்டர், பச்சைப் பொத்தானை யாராவது அமுக்கினார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதற்காக. ஒரு பொத்தானுக்காகக் கெர்னலில் ஒரு டிரைவர்! எப்படித் தெரியும் என்கிறீர்களா? உங்கள் அன்இன்ஸ்டாலரே காட்டிக்கொடுத்தது. அதை ஓட்டியபோது சிஸ் கோப்பை அழித்துவிட்டு, விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில், ஸ்கேனர், கேமரா போன்றவற்றுக்கான இமேஜ் வகுப்பின்கீழ், ஃபில்டர்களைப் பட்டியலிடும் அப்பர்ஃபில்டர்ஸ் பதிவில் அதன் பெயரை அப்படியே விட்டுவிட்டது. இல்லாத டிரைவரைத் தேடி அந்த வகுப்பில் இருந்த எல்லாச் சாதனங்களும் படுத்தன, பழைய வெப்கேமரா உட்பட. அந்தப் பெயரை நீக்கியதும் வெப்கேமரா எழுந்தது. டிரைவரை மறுபடி நிறுவி, அதே பெயரை மட்டும் நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் ஸ்கேனரும் ஓடியது! செக்யூர் பூட் ஆன், மெமரி இன்டெக்ரிட்டி ஆன், இருபுறமும் ஸ்கேன் ஆகிறது. பச்சைப் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை. அதை இங்கே யாரும் அமுக்கியதும் இல்லை.

பிறகென்ன குறை என்று கேட்பீர்கள். உங்கள் அப்டேட் சேவை ஒவ்வொரு பூட்டிலும் அந்தப் பெயரைத் திரும்ப எழுதிவிடுகிறது. ஐஎன்எஃப் கோப்பிலேயே அந்த வரிகளை எடுத்துவிடலாம் என்றால், எடுத்த உடனே, டிரைவர் தொகுப்புக்கான கையொப்பத்தைத் தாங்கிய கேட்டலாக் கோப்போடு அது பொருந்தாமல், கையொப்பம் செல்லாமல் போகும். அதை எடுத்து மறுபடி கையொப்பம் வாங்க உங்களால்தான் முடியும். இதைக் கண்டுபிடித்து எழுதி அனுப்பியதற்கு உங்கள் அலுவலகம் தந்த பரிசு: "ரெஜிஸ்ட்ரியில கை வெச்சதால பராமரிப்பு ஒப்பந்தம் செல்லாது." உங்கள் பொறியாளர் செய்ய வேண்டிய வேலையைக் காசில்லாமல் செய்து கொடுத்ததற்கு அபராதமா?

சொல்ல விட்டுப்போன இன்னொன்று: மற்ற மென்பொருள்களை ஸ்கேனரோடு இணைக்கும் உங்கள் ட்வைன் கோப்பு ட்வைன்_32 கோப்புறையில் மட்டும்தான் இருக்கிறது. 64 பிட் மென்பொருள் அதை ஏற்ற முடியாது. 64 பிட் பதிப்பும் கொடுங்கள்.

இந்த அலைக்கழிப்பில் அலுவலகமே நின்றுவிட்டது. ஏறக்குறைய 4,000 பக்கங்கள் தேங்கிக் கிடக்கின்றன. மூன்று மாத உழைப்பு மண்ணாய்ப் போனது என்றே சொல்வேன்; இழப்பீட்டுக் கணக்கு போடத் தொடங்கினால் ஸ்கேனரின் விலையைப் போல் பத்து மடங்கு வரும்.

ஆனாலும் சண்டை என் நோக்கம் அல்ல. இவ்வளவு காலம் உழைத்த நல்ல இயந்திரம், தாளை ஒருமுறைகூடச் சிக்க வைத்ததில்லை. நான் கேட்பது: ஃபில்டரை நீக்கிய, அல்லது மெமரி இன்டெக்ரிட்டியில் ஏறும்படி மறுபடி கட்டிய, முறையான கையொப்பமுள்ள டிரைவர். அப்பர்ஃபில்டர்ஸ் பதிவில் தன் பெயரையும் சேர்த்து நீக்கும் அன்இன்ஸ்டாலர். அதுவரை ஆதரவுப் பட்டியலில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், இன்னொருவர் நம்பி ஏமாற வேண்டாம். ஒப்பந்தம் செல்லும் என்று எழுத்தில் உறுதி தாருங்கள். இவை முடியாதென்றால் விண்டோஸ் 11-இல் உங்கள் சர்வீஸ் சென்டரே ஓட்டிக் காட்டிய மாற்று ஸ்கேனரைக் கொடுங்கள், அல்லது ஒப்பந்தத் தொகையை முழுவதும் திருப்புங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அடுத்து நுகர்வோர் நீதிமன்றம். இரண்டு பதிவிறக்கங்களின் ஷா-256 ஒப்பீடும், எம்எஸ்இன்ஃபோ32 படமும், மூன்று முத்திரைச் சீட்டுகளும் அங்கே போதுமான சாட்சி. அவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில்தான் பேசுவோம் என்றால் பேசலாம், மறுப்பில்லை. அந்த உதவியாளரை மட்டும் பேச விடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பராமரிப்பு ஒப்பந்த வாடிக்கையாளர்