உப்பில் செய்த பனி

அன்பு மகள் யாழினிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை.

போன வாரம் நீ பனிக்கு நடுவில் நின்று சிரிக்கும் படம் வந்ததிலிருந்து, உங்கள் மாண்ட்ரீலின் பழைய குளிர்காலப் படங்களைக் கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் பார்க்கிறேன். அப்படித்தான் வில்லியம் நாட்மன் கிடைத்தார். 1856-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து அந்த ஊரில் ஸ்டுடியோ வைத்தவர். கம்பளிக் கோட்டும் தொப்பியுமாகக் கொட்டும் பனியில் நிற்கிற மனிதர்களை அவ்வளவு அழகாக எடுத்திருக்கிறார். பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். பனி கொட்டுகிறது, முகத்தில் மட்டும் நடுக்கமே இல்லையே!

எல்லாம் ஸ்டுடியோவுக்குள் எடுத்தது, கண்ணு. தரையில் கிடக்கும் பனி உப்பு. ஐஸ் என்று தெரிவது பளபளப்பாகத் தேய்த்த துத்தநாகத் தகடு. விழுகிற பனிக்கு, வெள்ளைச் சாயத்தைக் காற்றில் தூவி அந்தப் புள்ளிகளைக் கண்ணாடி நெகட்டிவ்மேல் படிய விட்டிருக்கிறார். நாற்பது வருஷம் டார்க் ரூமில் பென்சிலும் கையுமாக, படத்தின் குறைகளைத் திருத்தும் டச்சிங் செய்தவன் நான். அந்தக் கைப்பக்குவத்தை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

இன்னொரு படம் 1870-இல் விக்டோரியா ரிங்க் என்ற ஐஸ் சறுக்கு அரங்கில் நடந்த சறுக்கு விழா. மாறுவேடத்தில் ஒரு கூட்டமே ஐஸில் சறுக்குகிறது. அன்றைய கேமராவுக்கு ஆள் சில நொடிகள் அசையாமல் நிற்க வேண்டும். ஓடுகிற கூட்டத்தை எடுக்கவே முடியாது. அதனால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஸ்டுடியோவுக்கு வரவழைத்து எடுத்து, வெட்டி, வரைந்த ரிங்கின்மேல் ஒட்டி, மறுபடியும் படம் எடுத்திருக்கிறார். ஏறக்குறைய 300 பேர்! தூரத்தில் நிற்பவரைச் சின்னதாகவும் கிட்டே நிற்பவரைப் பெரிதாகவும் அளவு பார்த்துப் பிரிண்ட் போட வேண்டும். ஒரு தலை பெரிதானாலும் மொத்தமும் கெட்டுவிடும். நான் ஒரு குடும்பப் படத்தில் வராத மாமாவை ஒட்டிச் சேர்க்கவே இரண்டு நாள் ஆகும்.

அதே காலத்தில் அதே ஊரில் அலெக்சாண்டர் ஹெண்டர்சன் என்று ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கிறார். 1869-இல் பெரும் பனிப்புயல் அடித்தபோது தெருவோரம் மலைபோல் குவிந்து கிடந்ததை அப்படியே எடுத்திருக்கிறார். அதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. அந்தக் குளிரில் கண்ணாடித் தகட்டை எப்படிக் கையாண்டாரோ, விரல் எப்படி மடங்கியதோ! எனக்கு அவர்மேல்தான் மனசு போகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழக்க தோஷம். கையுறையைக் கழற்றிவிட்டு செல்ஃபி எடுத்திருக்கிறாய். விரல் முட்டியெல்லாம் சிவந்து, சுண்டுவிரல் பக்கத்தில் தோல் வெடித்திருக்கிறது. அம்மா சிரிப்பை மட்டும் பார்த்துவிட்டு, "பிள்ளை நன்றாக இருக்கிறாள்" என்று சந்தோஷப்பட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை.

எங்களுக்காக நீ சிரித்துக்கொண்டு நிற்க வேண்டாம் அம்மா. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எப்படி இருக்கிறாயோ, அப்படி ஒரு படம் அனுப்பு. மூக்கு சிவந்திருந்தாலும் பரவாயில்லை. கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. அங்கே அது கல்லாக இறுகிக் கிடக்கும், பாட்டிலை வெந்நீரில் வைத்தால் இளகிவிடும்.

அப்புறம், நாட்மன் படங்கள் ஷெர்புரூக் தெருவில் உள்ள மெக்கார்ட் ஸ்டூவர்ட் மியூசியத்தில்தான் இருக்கின்றனவாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அந்தச் சறுக்கு விழாப் படத்தை வைத்திருந்தால் கிட்டப் பார். வெட்டி ஒட்டிய ஓரம் எங்காவது தெரிகிறதா என்று எனக்குச் சொல்ல வேண்டும். போகும்போது கையுறை போட்டுக்கொள். படம் எடுப்பதாக இருந்தால் கூட வருகிறவர்களை எடுக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா